கிளாக்கர், டைப்பிஸ்ட், பியூன்

28 ஜனவரி 2025, செவ்வாய்

சுபஹு தொழுதுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தால் கிளாக்கர் தொடங்கிவிட்டார். ஆறு மணிக்கு ஒரு கத்தல், ஆறேகாலுக்கு ஒரு கத்தல். துணைக்குப் பியூன். மையத்து வீட்டில் நாங்கள்கூட இவ்வளவு சத்தம் போட்டு அழவில்லை.

இவர் மவுத்தாகி இன்று இருபதாம் நாள். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சீலை, மூன்றாம் மாடி, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல். எனக்கு முன்னால் எல்லா விதவைகளும் இருந்ததுதான். நான் அதற்கு முறையிடவில்லை. ஆனால் கூட இருப்பதற்கு இந்த மனிதர் எனக்கு விட்டுப்போன துணையைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று கொக்கட்டீல், அதாவது தலையில் கொண்டை வைத்த கிளிகள்.

நாட்குறிப்பில் கணவன் பெயரைச் சொல்லலாம்தானே. புவாத். துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கிளாக்கர் வேலை பார்த்தவர். பென்ஷன் எடுத்த பிறகும் ஒபிஸை விட முடியாமல் கிளிகளுக்குப் பதவி கொடுத்தார். சாம்பல் நிறத்துப் பெரியது கிளாக்கர். சதா எதையாவது டக்டக்கென்று கொத்துகிற மஞ்சள் பெட்டை டைப்பிஸ்ட். சின்னது பியூன். காலையில் பல்கனியில் நின்று, "ஒபிஸ் தொடங்கியாச்சா?" என்று அவைகளிடம் கேட்பார். என்னிடம் தேத்தண்ணி கேட்பது அதற்குப் பிறகுதான்.

எதிரே புதுக் கட்டடம் எழும்புகிறது. மேசன்மாருக்கு எங்கள் பல்கனி நேரே தெரியும் என்று மருமகன் சஜீத் கறுப்புப் பொலித்தீன் அடித்து மூடிவிட்டான். கூடு ஹோலுக்குள் வந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் இறகுத் தூள். கிளிகளைக் கொடுத்துவிடலாம் என்று மகள் பஹ்மா ஒரு வாரமாக அரிக்கிறாள். கொட்டாஞ்சேனையில் ஸஹாப்தீன் என்று ஒருவர், வாப்பாவுக்குக் கிளி விற்றவர், திரும்ப எடுப்பாராம். எடுக்கட்டும். நாளைக்கே எடுக்கட்டும்.

30 ஜனவரி, வியாழன்

பொழுதுபட்டால் வெள்ளி இரவு என்று ஷஹீமா மதினி யாஸீன் ஓத வந்தார். என் கணவரின் மூத்த சகோதரி. சாம்பிராணிச் சட்டியை ஹோலுக்கு நடுவில் வைத்தார். பல்கனியில் பொலித்தீன், ஜன்னலில் தடித்த திரை. புகை எங்கேதான் போகும்? டைப்பிஸ்ட் தும்மினாள்.

"கிளியும் தும்முமா?" என்று மதினி சிரித்தார். நானும் சிரித்தேன்.

படுக்கும்போது நுளம்புச் சுருள் இரண்டு கொளுத்தினேன். ஒன்று என் கட்டிலடியில், ஒன்று கூட்டடியில். பாவம், அவைகளையும் நுளம்பு கடிக்கக் கூடாதே என்று எனக்கு ஒரு இரக்கம்.

1 பெப்ரவரி, சனி

ஸஹாப்தீன் வந்தார். நான் அறைக்குள் திரைக்குப் பின்னால். பஹ்மா ஹோலில் நின்று கதைத்தாள். செருப்பைக் கழற்றும் சத்தம், பிறகு கூட்டடிக்கு நடக்கும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, இந்த மஞ்சள் பெட்டைக்குச் சுகமில்லியே."

"இல்லியே, நல்லாத்தான் ஈக்கி. காலையிலயும் தின்டிச்சே," என்றாள் பஹ்மா.

"தின்ற மாதிரிக் காட்டுற. கோப்பையப் பாருங்க, விதை ஒடையாம அப்பிடியே ஈக்கி. வாலப் பாருங்க, மூச்சுக்கு மூச்சு ஏறி எறங்குது."

திரைக்குப் பின்னால் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குள் வந்து ஐந்து நிமிடமாகவில்லை, என் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று எனக்குச் சொல்ல வந்துவிட்டார்!

மூன்றையும் இப்போது எடுக்க முடியாதாம். "ஏன்ட கூட்டுல நாப்பது உசிரு ஈக்கி. இது மூணும் ஒண்டா ஈந்தது. மத்த ரெண்டுக்கும் என்ன ஈக்கோ தெரியா." ஒரு மிருக வைத்தியரின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

2 பெப்ரவரி, ஞாயிறு

கூட்டுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. என்னைக் கண்டதும் டைப்பிஸ்ட் நிமிர்ந்து கோப்பையில் இரண்டு தரம் கொத்தினாள். நான் திரும்பிக்கொண்டு, ஷோகேஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். இறகெல்லாம் உப்பிக் கண்ணை மூடிவிட்டாள்.

அல்லாஹ்வே. இது நடிக்கிறது.

3 பெப்ரவரி, திங்கள்

வைத்தியருக்கு டெலிபோன் எடுத்தேன். டொக்டர் சுமன். ஹட்டன் பக்கத்துப் பேச்சு, மரியாதையான பிள்ளை. நான் கணக்கு டீச்சராக இருந்தவள் என்று சொன்னதும் 'டீச்சர்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"எத்தன நாளா இப்படி இருக்குங்க டீச்சர்?"

தெரியாது.

"முன்னாடி எப்படி இருந்துச்சு? நல்லா இருந்தப்ப எவ்வளவு திங்கும்? எந்தப் பக்கம் உக்காரும்?"

தெரியாது. ஏழு வருடம் என் வீட்டில் இருந்த உயிர். தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியிலும் ஒரு டொக்டர் பெண் இப்படித்தான் கேட்டாள். "ஹஸ்பண்டுக்கு எத்தனை நாளா நெஞ்சு நோவு?" அன்றைக்கு நான் தெரியாது என்று சொல்லவில்லை. இன்றைக்குத்தான் என்றேன்.

பிறகு சுமன் வீட்டைப் பற்றிக் கேட்டார். நுளம்புச் சுருள் கொளுத்துவீர்களா? சாம்பிராணி, ஊதுபத்தி? ஒட்டாத சட்டியை வெறுமனே அடுப்பில் காயவைப்பீர்களா? சென்ட் அடிப்பீர்களா? சென்ட்டைத் தவிர எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். காற்று வருமா என்று கேட்டார். பொலித்தீனைப் பற்றிச் சொன்னேன்.

"பறவைக்கு நெஞ்சு சின்னது டீச்சர். நமக்குக் கண்ணு எரியிற புகை அதுக்கு நஞ்சு. அதோட, அது நோயக் காட்டாதுங்க. காட்டுனா மத்தது கொத்தும், பருந்து கண்ணுல படும். அடக்கி அடக்கி வச்சிருந்து, இனி முடியாதுங்கிற நேரத்துலதான் நமக்குத் தெரிய வரும். சுணக்காம கொண்டுவாங்க."

நான் இத்தாவில் இருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். அப்படியானால் வேறு யாராவது கொண்டுவரட்டும் என்றார். நாளைக்குச் சுதந்திர தினம், கிளினிக் பூட்டு. சஜீத்துக்குச் சனிக்கிழமைதான் கடையில் ஓய்வு.

5 பெப்ரவரி, புதன்

சுருள் பெட்டியைத் தூக்கி ஆறாயியிடம் கொடுத்தேன். மாடிப்படி கூட்டுகிறவள், அவள் வீட்டுக்கு உதவட்டும். ஒட்டாத சட்டியைக் கட்டி மேலே வைத்தேன். சாம்பிராணியும் வேண்டாம் என்று மதினிக்கு டெலிபோனில் சொன்னேன்.

"கிளிக்காக மையத்து வூட்டுல சாம்பிராணி புடிக்காம ஈக்கிறதா? மனிசர் கேட்டா என்ன செல்ற?"

அவருடைய மனிசர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

8 பெப்ரவரி, சனி

தெஹிவளைச் சந்தியில் சிக்னலில் நிற்கும்போது செத்துவிட்டதாம். சஜீத் திரும்பி வந்து பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, "மாமி, போகல்ல" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவனுக்கும் முகமில்லை.

பெட்டிக்குள் என் பழைய துவாய். அதில் டைப்பிஸ்ட் ஒரு கைப்பிடிகூட இல்லை. கன்னத்துச் சிவப்புப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது. நான் தொட்டது அப்போதுதான், முதன்முதலாக. ஆறாயி வாங்கிக்கொண்டுபோய் ரயில் பாதைக்கு அங்கால், கடற்கரைத் தாழம்பற்றைக்குள் புதைத்துவிட்டு வந்தாள். "ஆழமாத்தான் வெட்டினேன் அம்மா, நாய் தோண்டாது" என்றாள்.

9 பெப்ரவரி, ஞாயிறு

கூட்டடியில் சுருள் வைத்தது நான். என் கையால். இரக்கப்பட்டு.

12 பெப்ரவரி, புதன்

மற்ற இரண்டையும் தினமும் நிறுக்கச் சொல்லியிருக்கிறார் சுமன். பறவை தின்பது போல நடிக்கும், நிறையை நடிக்க முடியாது என்றார். தினமும் ஒரே நேரம், காலையில் முதலாவது எச்சம் போட்ட பிறகு, தீன் கொடுப்பதற்கு முன். கேக்குக்கு மா நிறுக்கும் தராசு இருக்கிறது. அதன் மேல் கூட்டிலிருந்த மரத்தடி ஒன்றைக் கட்டிவைத்தேன். பியூன் தானாகவே ஏறி நின்றான். கிளாக்கர் என் விரலைக் கடித்து இரத்தம் எடுத்துவிட்டுத்தான் ஏறினார்.

கிளாக்கர் 91. பியூன் 86. கூட்டுக்குக் கீழே வெள்ளைத் தாள். எச்சத்தின் நிறத்தையும் எழுதுகிறேன். ஐம்பத்தாறு வயதில் எனக்கு வந்த வேலை இது.

பஹ்மாவிடம் சொல்லிப் பொலித்தீனின் மேல் ஓரத்தை ஒரு முழம் வெட்டச் செய்தேன். கொஞ்சம் காற்று வருகிறது.

14 பெப்ரவரி, வெள்ளி

எழுதுவதா விடுவதா என்று பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் யோசித்தேன். எழுதாவிட்டால் வேறு யாரிடம் சொல்ல?

விதை டின்னைக் கழுவலாம் என்று கவிழ்த்தேன். அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் குளிசை அட்டைகள். நெஞ்செரிவுக்குப் போடுகிற குளிசை. ஐந்து அட்டை வெறுமை, ஆறாவதில் இரண்டு மிச்சம். ஐம்பத்தெட்டு குளிசை. நான் கை வைக்கவே மாட்டேன் என்று தெரிந்த ஒரே இடம் இந்த வீட்டில் அதுதான். புத்திசாலி.

ஐம்பத்தெட்டு தடவை அந்த மனிதருக்கு நெஞ்சு நொந்திருக்கிறது. நான் எங்கே இருந்தேன்? இங்கேதான் இருந்தேன். ஹோலில், டியூஷன் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு. டிசம்பரில் ஒருநாள் பல்கனியில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். பியூனைச் சட்டைக்குள் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். "அந்தச் சனியன வெளிய எடுங்க, சட்டையெல்லாம் நாறும்" என்று கத்தினேன். சிரித்தார். திரும்பிச் சிரித்தாரே, பாவி மனுசன், வாயத் தொறந்து சொன்னா என்ன? ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு!

நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா?

பையை மறுபடி டின்னுக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கிளாக்கர் 91. பியூன் 86.

17 பெப்ரவரி, திங்கள்

நாற்பதாம் நாள் கத்தம் ஓதினார்கள். மதினி சொன்னபடியே சாம்பிராணி. நானும் எனக்குத் தெரிந்தபடி கூட்டை என் படுக்கையறைக்குள் கொண்டுபோய், ஜன்னலைத் திறந்து, கதவுக்குக் கீழே ஈரத் துவாயைத் திணித்தேன். பெண்கள் முப்பது பேர். ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்து, "திடீரெண்டுதானே? படுக்கையில கெடக்காமப் போன. நல்ல மவுத்து" என்றார்கள். ஒவ்வொருத்திக்கும் தலையாட்டினேன். முப்பது தடவை.

எல்லோரும் போன பிறகு கதவைத் திறந்தேன். இரண்டும் உயிரோடு இருந்தன. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

25 பெப்ரவரி, செவ்வாய்

கிளாக்கர் 91, 90, 90, 88. இன்று 87.

3 மார்ச், திங்கள்

நோன்பு இரண்டு. கிளாக்கர் 84. சுமனுக்கு எடுத்தேன். உடனே கொண்டுவரச் சொன்னார். இந்தத் தடவை மருமகனிடம் கொடுத்துவிட வேண்டாமாம். "நிறுக்கிறவங்கதான் வரணும் டீச்சர். அவருக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. நான் கேக்குறதுக்கு உங்ககிட்டதான் பதில் இருக்கு."

முடியாது என்றேன். இத்தாவென்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

மதினியும் அதையே சொன்னார். "ஒரு பறவைக்காக இத்தாவ முறிக்கப் போறீங்களா றலியா?"

7 மார்ச், வெள்ளி

82.

உண்மையை எழுதுகிறேன். போகலாமா என்று மார்க்கம் படித்த எந்த ஆலிமிடமும் நான் கேட்கவில்லை. கேட்டால் போ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். மூன்று மாடி இறங்க வேண்டும். வாசலில் காவல்காரர், கீழ்மாடியில் மாக்ரெட், முடக்கில் கடைக்காரர். எல்லோரும் கேட்பார்கள், புவாத் சேருக்கு என்ன நடந்தது, முன்னமே தெரியாதா என்று. இங்கே இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். இத்தாவை நான் இருக்கவில்லை. அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

10 மார்ச், திங்கள்

80. பள்ளிவாசல் நிஸாம் மௌலவிக்கு எடுத்தேன். சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"பகல்ல தேவைக்கு வெளிய போறதுக்குத் தடையில்ல டீச்சர். ராவைக்கு வூட்டுல ஈக்கணும், அவ்ளோதான். உங்க பொறுப்புல ஈக்கிற உசிரு, அது தேவை இல்லாம என்ன? இவ்ளோ நாளும் ஏன் கேக்கல்ல?"

டைப்பிஸ்டையும் நானே கொண்டுபோயிருக்கலாம். பெப்ரவரி மூன்றாம் திகதியே போயிருக்கலாம்.

11 மார்ச், செவ்வாய்

வெள்ளைச் சீலைக்கு மேல் கறுப்பு அபாயா. பஹ்மா துணைக்கு வந்தாள். கூட்டை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் போனோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு வெயில். காலி வீதியில் பஸ்கள் எப்போதும் போல அடித்துப்பிடித்து ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுமன் நான் நினைத்ததைவிடச் சின்னவர். கிளாக்கரைத் துணியில் சுற்றி, நெஞ்சில் விரல் வைத்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்திக்கொண்டிருந்தது. இறகுக்குக் கீழே இவ்வளவு மெலிவு. வெளியே பார்த்தால் கொழுத்த கிளாக்கர்தான்.

கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாக வாசித்தார். பிறகு அலகைப் பார்த்தார்.

"இத யாராச்சும் அராவியிருக்காங்களா?"

"ஓம். பஹ்மாட வாப்பா. மாசம் ஒருக்கா. ஏன்ட நகம் அராவுற அரத்தால." எனக்கு அது நன்றாக ஞாபகம். என் சாமானைக் கிளிக்கு எடுக்கிறார் என்று சண்டை பிடித்திருக்கிறேன்.

"அலகு சும்மா இப்படி நீளாதுங்க. ஈரல் பழுதாகும்போதுதான் நீளும். சூரியகாந்தி விதையே தின்னுத் தின்னு வந்தது. ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். அவரு அழகா அராவி அராவி விட்டிருக்காரு. அதனால இருந்த ஒரே அடையாளமும் கண்ணுல படல."

சுருளும் புகையும் டைப்பிஸ்டைத்தான் கொன்றன. கிளாக்கருடைய நோய் இவர் இருக்கும்போதே வந்த நோய். தினமும் பார்த்தவர், பெயர் வைத்தவர், மடியில் வைத்துக் கொஞ்சியவர். அவருக்கே தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. த்ரீவீலில் ஏறும்வரைக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது.

வெள்ளவத்தைப் பாலம் தாண்டும்போது ஞாபகம் வந்தது. நவம்பரில் இவர் ஆணத்தில் புளியைக் குறைக்கச் சொன்னார். பிறகு மிளகாயை. பிறகு பொரித்தது வேண்டாம் என்றார். வயிற்றில் கேஸ் என்றார். "கெழடாப் போனதும் நாக்கு செத்துப் போச்சு" என்று பகிடி பண்ணிக்கொண்டே குறைத்துக் குறைத்துக் கொடுத்தேன். நோவு தாங்கும் அளவுக்கு நானே சமைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் அலகை அராவினார். நான் புளியைக் குறைத்தேன்.

பஹ்மா பக்கத்தில் இருந்து, "என்ன உம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

16 மார்ச், ஞாயிறு

மருந்து காலை இரண்டு துளி, மாலை இரண்டு துளி. விதைக்குப் பதிலாக அவித்த கரட், கீரை. கிளாக்கர் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு என்னை முறைக்கிறார். 79.

20 மார்ச், வியாழன்

81! விடியுமுன் ஸஹர் நேரத்திலேயே பஹ்மாவுக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு கிராம். பெருநாளே வந்தது போல.

24 மார்ச், திங்கள்

78. கரட் தின்கிறார். என் கையிலிருந்து தின்கிறார். கடிப்பதில்லை. கடிக்காதது நல்லதா கெட்டதா? சுமனிடம் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "நல்லதில்லீங்க" என்றார்.

29 மார்ச், சனி

கிளாக்கர் போய்விட்டார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது என் மடியில். நோன்பு திறக்க ஈச்சம்பழம் கையில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாயில் வைத்தேன்.

31 மார்ச், திங்கள்

பெருநாள். மதினி வட்டிலப்பம் கொண்டுவந்தார். கூட்டைப் பார்த்தார். நின்றுகொண்டே, "தம்பி அந்தப் பெரியதத் தோள்ல வச்சிட்டு ஏன்ட வூட்டுக்கு வந்த ஒரு நாள்" என்றார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவரைக் கோபித்துக்கொண்ட நாளெல்லாம் அவரும் தம்பியை இழந்தவர் என்று எனக்கு ஞாபகமே வரவில்லை.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு வெடி. பியூன் கூட்டுக்குள் அடித்துப் பிடித்துப் பறந்து இரண்டு இறகு முறிந்தது. இருட்டாகப் போர்த்து, பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்த கதை வாய்பாடுதான். பதின்மூன்றாம் வாய்பாட்டில் அடங்கினான்.

2 மே, வெள்ளி

பியூன் 86, 86, 85, 86. நிறை சரி. ஆனால் நெஞ்சில் இறகைத் தானே பிடுங்குகிறான். ஒரு காசளவு வெறுந்தோல். சுமன் இரத்தம் பார்த்தார், ஒன்றுமில்லை. "தனிமைங்க. இவ்வளவு நாளும் மூணு பேரா இருந்தது. இதுக்கு மருந்து என்கிட்ட இல்ல." இன்னொன்று வாங்கி விடலாமா என்றேன். விடலாம், ஆனால் கூட்டம் இருக்கிற இடம் இன்னும் நல்லது என்றார்.

இரவெல்லாம் யோசித்தேன். இவருடைய மூன்றில் ஒன்றையாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும். என்னோடு வைத்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை.

17 மே, சனி

இத்தா முடிந்தது. குளித்து, நீலச் சீலை உடுத்தேன். மதினி நெற்றியில் கை வைத்து துஆ ஓதினார்.

24 மே, சனி

பியூனைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். நானே, தனியாக.

ஸஹாப்தீனின் வீடு மாதா கோவில் பின்புறத்து ஒழுங்கையில். மொட்டைமாடி முழுவதும் கம்பிவலைக் கூடு. காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. திரைக்குப் பின்னால் குரலாக மட்டும் தெரிந்தவர். நரைத்த தாடி, ஒரு கால் கொஞ்சம் சாய்த்து நடப்பவர்.

பியூனைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இடது காலில் நின்று தூங்குவான். காலையில் முதல் எச்சம் ஆறேகாலுக்கு. பச்சை மிளகாயின் விதை பிடிக்கும், கரட் பிடிக்காது. இறகு பிடுங்கத் தொடங்கியது ஏப்ரல் இருபத்தெட்டு. இன்று காலை 86. கொப்பியையும் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புவாத் நானாக்கே இவ்ளோ தெரிஞ்சீக்காது," என்றார். பிறகு, "நானாக்கு என்ன டீச்சர் நடந்த? திடீரெண்டா?" என்று கேட்டார்.

"இல்ல. மூணு மாசமா நோவு ஈந்த. அவர் மறைச்ச. நான் பாக்கல்ல."

முதன்முதலாகச் சொன்னேன், யாரோ ஒருவரிடம். கூட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையை உள்ளே நீட்டினேன். பியூன் என் விரலில் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மற்றவைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லது.

வீட்டுக்கு வந்து பஹ்மாவுக்கு டெலிபோன் எடுத்தேன். அவளுக்கும் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய், வாப்பாவுக்கு அன்றைக்குத்தான் நோவு வந்ததல்ல, விதை டின்னுக்குள் குளிசை இருந்தது என்றேன்.

எந்தக் குளிசை என்று அவள் கேட்கவில்லை.

"அந்தக் குளிசை வாங்கிக் குடுத்த நான்தான் உம்மா," என்றாள். "உம்மாக்குச் செல்ல வாணாம் எண்டு வாப்பா சென்ன. அந்த டின்ன நீங்க தொறந்துடுவீங்களோ எண்டுதான் நான் கிளியக் குடுக்கச் சென்ன."

"எவ்ளோ நாளா மகள்?"

"ஒக்டோபர்."

நான் நவம்பர் என்று நினைத்திருந்தேன்.

அவள் அழத் தொடங்கினாள். சின்னப் பிள்ளையில் அழுவது போல, சத்தமாக. இந்த நாலரை மாதத்தில் ஒரு தடவையாவது அவள் என் முன்னால் அழுதாளா? கத்தத்தில் முப்பது பேருக்கும் தேத்தண்ணி பரிமாறிக்கொண்டு திரிந்தாள். நல்லாத்தான் இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவள் அழுது முடியும்வரை ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.